சாயக்காரர் தெரு

போன கிழமை எங்கள் வட்ஸப் குழுவில் உங்களில் ஒருவர் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு வந்து குடியேறிய மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுக் கராஜ். நடுவில் மடக்கு மேசை. சுற்றிவர நாலு ஆம்பிளைகள், கையில் சீட்டு. கீழே ஒரு வரி: “அது ஒரு காலம். சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் ஒண்டாய் இருந்தம்.” அதற்கு நாற்பது பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள்.

நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாங்கள் எல்லாரும் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். முழங்கால் நோவைப் பற்றியும் பிள்ளைகளின் கலியாணத்தைப் பற்றியும் கதைக்கத் தொடங்கிவிட்டோம். இந்த வயதிலாவது பொய்யை விடலாம்.

படத்தில் வெள்ளை பெனியனோடு இருப்பவர் என் அப்பா. அவருக்கு எதிரே இருப்பவர் அந்த நேரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். அவரைச் செயலாளர் அங்கிள் என்போம். மற்ற இரண்டு பேரும் ஆட்டத்தில் ஒரு சோடி. ஒருவர் அப்பாவோடு யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அங்கே முஸ்லிம்கள் இருந்த சோனகதெருவில் அவருடைய குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை. அப்பா அவரை “மச்சான்” என்பார். நாங்கள் நானா மாமா என்போம். நாலாவது ஆள், தொப்பையைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிறவர், தமிழரே இல்லை. ஸ்டேசனுக்குக் கிட்டத் துணிக்கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரர். துணிக்கடை அங்கிள்.

முந்நூற்றிநாலு என்கிற அந்தச் சீட்டாட்டம் விளையாட நாலு பேர் வேண்டும். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதருக்கு அந்த விளையாட்டைப் பழக்கியது நானா மாமாதான். “இதென்ன விளையாட்டு! ராசாவுக்கு மூன்று புள்ளி, சேவகனுக்கு முப்பது!” என்று அங்கிள் ஒவ்வொரு ஞாயிறும் இங்கிலிசில் வியப்பார். ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். தகரக் கூரை வெயிலில் சூடேறிப் படபடவென்று சத்தம் போடும். குசினியில் அம்மா கட்லெட் பொரிப்பா. அந்த மணம் கராஜ் முழுக்க நிற்கும்.

சீட்டைக் கலைத்துப் போடுகிற இடைவெளிகளில் அங்கிள் தன்னுடைய ஊரைப் பற்றிச் சொல்வார். அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் ஒருவர் கூகுளில் தேடிவிட்டு, “அங்க ஆறு வாசல் இல்லை, நாலுதான்” என்று வந்து நிற்பீர்கள். செனாப் ஆற்றங்கரையில், இப்போது பாகிஸ்தான் என்கிற பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய வியாபாரப் பட்டணம். அது போதும்.

மதில் பாதி விழுந்த பட்டணம். வாசலுக்கு வாசல் ஒரு கடைத்தெரு. ஆற்றுப் பக்கத்து வாசலுக்கு மலையிலிருந்து மரக்குற்றிகள் மிதந்து வந்து சேரும். குளிர்காலத்தில் மேற்கு வாசலால் காபூல்காரர் ஒட்டகங்களோடு வந்து பாதாமும் பெருங்காயமும் இறக்குவார்கள். தானியக் கிட்டங்கிகள் சீக்கியர்களுடையவை. துணியும் வட்டித்தொழிலும் அங்கிளின் ஆட்களான இந்து வியாபாரிகளுடையவை. தச்சரும் நெசவாளரும் எண்ணெய் ஆட்டுகிறவர்களும் முஸ்லிம்கள். வியாழக்கிழமைகளில் பீர் என்கிற ஒரு முஸ்லிம் ஞானியின் சமாதியில் எல்லா வீட்டுப் பெண்களும் வந்து நூல் கட்டினார்களாம்.

துணித்தெருவுக்குப் பின்னால் சாயக்காரர் தெரு. அங்கிளின் வீட்டுப் பின்கதவுக்கு நேர் எதிரே ஒரு சாயக்காரரின் பின்கதவு. அந்த மனிதருக்கு முழங்கை வரை நீலமாம். அந்தத் தெரு வாய்க்காலில், அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் தண்ணீர் ஓடும். பள்ளிக்கூடம் போகிற பெடியள், “இன்றைக்கு நீலமா, சிவப்பா?” என்று பந்தயம் பிடிப்பார்கள். வசந்தகாலம் தொடங்கும்போது ஒரு கிழமை முழுக்க மஞ்சளாய் ஓடும். இதைச் சொல்லும்போது அங்கிள் கையில் இருக்கிற சீட்டை மறந்துவிடுவார். அப்பா எட்டிப் பார்த்துவிடுவார்.

தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. நானா மாமாவின் மகளுக்கும் பன்னிரண்டு. ஒரே வகுப்பு, ஒரே பஸ், ஒரே சாப்பாட்டுப் பெட்டி என்று திரிந்தோம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பழைய ஊரின் மாதிரி செய்து கொண்டுவரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் ரோமும் எகிப்தும் செய்தார்கள். நாங்கள் அங்கிளின் ஊரைச் செய்தோம்.

சப்பாத்துப் பெட்டிகள்தான் வீடுகள். அங்கிள் தன் கடையிலிருந்து வெட்டுத்துணிகள் கொண்டுவந்து தந்தார். நாலு சனிக்கிழமைகள் கராஜ் நிலத்தில் முழந்தாளிட்டு எங்களோடு இருந்தார். “இல்லை, இல்லை, எண்ணெய்க்காரன் வீடு இடப்பக்கம்!” என்று ஒரு பெட்டியைப் பத்துத் தரம் நகர்த்துவார். கறுப்பு நாடாவில் மதில். வெள்ளிக் கடதாசியில் ஆறு. சாயக்காரர் தெரு வாய்க்காலுக்கு நாங்கள் மூன்று நிறம் தீட்டினோம்.

ஒரு சனிக்கிழமை என் சிநேகிதி கேட்டாள், இங்கிலிசில்தான். “அங்கிள், அந்தச் சாயக்காரர் உங்கள் வீட்டுக்குள் வருவாரா?”

“வருவார். துணி எடுக்க, துணி கொடுக்க. முற்றம் மட்டும்.”

“தண்ணீர் குடிப்பாரா?”

“குடிப்பாரே.”

“எந்தக் கப்பில்?”

பசை பூசிக்கொண்டிருந்த அங்கிளின் கை நின்றது. அந்தக் கேள்வியை நாற்பது வருசமாக யாரும் அவரிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவரும் தன்னிடம் கேட்கவில்லை. “அவருக்கென்று ஒரு பித்தளைக் குவளை இருந்தது. கிணற்றடியில்” என்றார்.

அவள் எங்கள் வீட்டுக் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. எங்கள் குசினியில் சிங்குக்குக் கீழே, சவர்க்காரப் போத்தலுக்குப் பக்கத்தில், இரண்டு மஞ்சள் கப் இருந்தன. நானா மாமாவுக்கும் அவர் வீட்டு ஆட்களுக்கும் அதில்தான் தேத்தண்ணி. “அவை மாடு சாப்பிடுற ஆக்கள்” என்று அம்மா சொல்லியிருந்தா. ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதனுக்கு சிங்குக்குக் கீழே இருந்து கப். அதைத் தனியாகக் கழுவி வைத்தது நான்தான். சாதி மதம் பார்க்காத காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குசினிகளிலும் அப்படிக் கப் இருந்தது. எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்கும் நான் விளையாட வந்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் அங்கிள் தாங்கள் ஊரை விட்ட கதையைச் சொன்னார். நாற்பத்தேழில் அவருக்கும் பன்னிரண்டு வயது. வெளியூர் ஆட்கள் லொறியில் வந்து ஒலிபெருக்கியில் சொன்னார்களாம், பொழுதுபடுவதற்குள் இந்துக்களும் சீக்கியர்களும் போய்விட வேண்டும் என்று. அவருடைய தகப்பன் பின்பக்கத்தால் ஓடிப்போய்ச் சாயக்காரரின் கதவைத் தட்டினார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். சாயப் பானையைக் கிண்டுகிற தடியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டியவுடன் அது நின்றுபோனது. கதவு திறக்கவில்லை.

“கத்தி கொண்டுவந்தவர்களின் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கதவின் ஆணிகூட ஞாபகம் இருக்கிறது” என்றார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா துடித்துப்போனார். “என்ன அநியாயம்! பக்கத்து வீட்டுக்காரன் கதவைச் சாத்துறதோ? எங்கட ஊரில எண்டால் அப்பிடி நடக்காது.” எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் எங்களைத் தன் படுக்கையறையில் இரண்டு நாள் ஒளித்துவைத்தது பக்கத்து வீட்டுச் சிங்களவர். அதையும் அப்பா அங்கிளுக்குச் சொன்னார்.  நான் அப்பாவைப் பற்றிப் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

நவம்பர் தொடங்கி முதல் கிழமை. தெருவெல்லாம் ஜக்கரண்டாப் பூ விழுந்து ஊதாவாய்க் கிடந்தது. கொழும்பிலிருந்து நானா மாமாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தமிழருக்காகப் போராடுகிறோம் என்ற இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரு மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் போய்விடச் சொல்லியிருக்கிறது. காசையும் நகையையும் வழியில் நின்று வாங்கியிருக்கிறார்கள். நானா மாமாவின் உம்மாவின் காதில் கிடந்ததையும் கழற்றியிருக்கிறார்கள். உம்மாவும் தம்பி குடும்பமும் புத்தளத்தில் ஒரு கொட்டிலில்.

இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. வியாழக்கிழமையே எல்லா வீட்டுக்கும் செய்தி வந்துவிட்டது. வெள்ளி, சனி, இரண்டு நாளும் அப்பா நானா மாமாவுக்குப் போன் எடுக்கவில்லை. சிநேகிதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஞாயிறு நானா மாமாவே வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. வேறு எங்கே போவார்? முகம் சவரம் செய்யாமல் இருந்தது. வழக்கமான கதிரையில் இருந்தார். அப்பா சீட்டைப் போட்டார். சீட்டைப் போட்டார், தெரியுமா! அந்த மனிதரின் தோளில் ஒரு கை வைக்காமல், ஒரு சொல்லும் கேட்காமல், எட்டு எட்டுச் சீட்டாய்ப் பகிர்ந்தார்.

நானா மாமா சீட்டைத் தொடவில்லை. செயலாளர் அங்கிளைப் பார்த்துச் சொன்னார். “அண்ணை, இந்த மாசச் சங்கப் பத்திரிகையில ரெண்டு வரி போடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம். நடந்தது பிழை எண்டு ரெண்டு வரி.”

செயலாளர் அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “இப்ப இதைக் கதைக்கிற நேரமில்லை, தம்பி. ஒரு காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டினம். உங்கட ஆக்களிலயும் காட்டிக்குடுக்கிறவை இருந்திருப்பினம்தானே.”

“எங்கட உம்மா ஆரைக் காட்டிக்குடுத்தவ? அவவுக்குக் கண்ணே தெரியாது.”

துணிக்கடை அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன? என்ன நடந்தது?” என்று இங்கிலிசில் கேட்டார்.

அப்பா சொன்னார்: “ஒன்றுமில்லை. ஊரில் நிலைமை சரியில்லை. இவருடைய குடும்பம் கொஞ்ச நாளைக்கு இடம் மாறியிருக்கிறது.”

இடம் மாறியிருக்கிறது. என் அப்பாவின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை நான் முப்பத்தைந்து வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் சிநேகிதிதான் உண்மையைச் சொன்னாள். நிலத்தில் எங்கள் சப்பாத்துப் பெட்டி ஊருக்குப் பக்கத்தில் இருந்தவள், எழும்பி வந்து அங்கிளுக்கு முன்னால் நின்று சொன்னாள். “அங்கிள், எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஊரைவிட்டுத் துரத்திவிட்டார்கள். முஸ்லிம் என்பதால். இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள்.”

அங்கிள் சீட்டை மேசையில் வைத்தார். இவர் சொல்வார், இவருக்கு எல்லாம் தெரியும், இவர் இப்போது எல்லாருக்கும் நல்ல ஏச்சுக் கொடுப்பார் என்று நான் நினைத்தேன். அவர் நானா மாமாவைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரிக் கோணியது. “இப்போது தெரிகிறதா?” என்றார். “எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் ஆட்களுக்கு இப்போது தெரிகிறதா?”



நானா மாமா மெதுவாக இங்கிலிசில் சொன்னார். “நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். உங்கள் ஊரை எனக்கு உங்கள் வாயால்தான் தெரியும்.” பிறகு அப்பாவிடம் திரும்பினார். “மச்சான், நீயாவது ஒரு சொல்லுச் சொல்லு.”

அப்பா தன் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த ஆட்டத்தை முடிச்சிட்டுக் கதைப்பம்” என்றார்.

நானா மாமா எழும்பினார். கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்தார். எங்கள் ஆட்கள் ஒருவரும் “போறம்” என்று சொல்ல மாட்டார்கள். செத்த வீட்டில்தான் சொல்லாமல் போவது. மற்ற இடமெல்லாம் “போட்டு வாறம்”தான். நானா மாமா சொன்னார்: “அப்ப, நாங்கள் போறம்.”

அன்று பின்னேரம் அம்மா எனக்குச் சொன்னா. “கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் போகாத. பள்ளிக்கூடத்திலயும் கொஞ்சம் தள்ளி இரு.”

“ஏன்?”

“ஆக்கள் கதைப்பினம். ஊரில எங்கட சொந்தங்கள் இருக்குதெல்லே. ஆரும் போய்ச் சொன்னால்?”

பயம். சரி, பயத்தை நான் விளங்கிக்கொள்வேன். இயக்கத்துக்கு எல்லாரும் பயந்த காலம். சங்கப் பத்திரிகையில் எழுதப் பயம் என்றால், நானா மாமாவின் வீட்டுக் குசினிக்குள் போய் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, “பிழைதான் மச்சான்” என்று சொல்ல என்ன பயம்? அதை எந்த இயக்கம் கேட்டிருக்கும்? அவர்களுக்கு இருந்தது பயம் மட்டும் இல்லை. துரத்தினது எங்கட ஆக்கள், துரத்தப்பட்டது அவங்கட ஆக்கள். அவ்வளவுதான் கணக்கு.

என்னையும் விடமாட்டேன். நான் அம்மாவின் சொல்லைக் கேட்டேன். திங்கட்கிழமை டீச்சரிடம் போய், நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்கிறோம் என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டு, “சண்டையா? சரி, பாதி பாதி பிரித்துக்கொள்ளுங்கள்” என்றா. வகுப்புக்குக் கொண்டுபோன அந்தப் பெட்டி ஊரை நாங்கள் வகுப்பறை நிலத்தில் வைத்துப் பிரித்தோம். கத்தரிக்கோலால் கறுப்பு நாடா மதிலை வெட்டினேன். வாசல்கள், கடைத்தெரு, கிட்டங்கி, ஆறு எல்லாம் நான் எடுத்தேன். சாயக்காரர் தெருவை மட்டும் அவளிடம் தள்ளினேன். அவள் மூன்று பெட்டியையும் அந்த நிற வாய்க்காலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். என்னுடையதை நூலகத்தில் வைத்தார்கள். அவளுடையதுக்கு, முடிக்கப்படவில்லை என்று குறைந்த புள்ளி.

சீட்டு விளையாட்டு நிற்கவில்லை. இரண்டு கிழமையில் வேறு இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார்கள். துணிக்கடை அங்கிள் அந்த ஞாயிறுக்குப் பிறகு வரவில்லை.

அடுத்த வருசம் நான் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். மேடைக்குத் துணி எடுக்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கிளின் கடைக்குப் போனா. அவர் மெலிந்திருந்தார். சிவப்புப் பட்டுத்துணியை மேசையில் விரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“நான் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த புதன்கிழமை. நாய் மாதிரிக் குரைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். நான் அழுதேன். உங்கள் கணவர் போனாரா?”

அம்மா துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தா. “இது என்ன அகலம்?” என்று கேட்டா.

அங்கிள் அகலத்தைச் சொன்னார். அளந்து வெட்டித் தந்தார். சாமத்திய வீட்டுக்கு முந்நூறு பேர் வந்தார்கள், நீங்களும் வந்து சாப்பிட்டீர்கள். நானா மாமா வீட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வருசக் கடைசியில் அவர்கள் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். அப்பாவின் தமக்கை, என் மாமி, வன்னியில் நடந்த கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தா. அப்பா டீவிக்கு முன்னால் இருந்து, “உலகம் பாத்துக்கொண்டிருக்குது, ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கள் இல்லை” என்று அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு மாமியை நினைத்து அழுகையும் வந்தது, அந்த வசனத்தைக் கேட்டு ஆத்திரமும் வந்தது. அந்த நேரம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“அப்பா நிக்கிறாரோ, பிள்ளை?”

பத்தொன்பது வருசத்துக்குப் பிறகும் குரல் தெரிந்தது. அப்பாவிடம் கொடுத்தேன். நானா மாமாவின் சத்தம் வெளியே கேட்டது.

“மச்சான், அக்கா வெளியில வந்திட்டாவோ?”

“தெரியேல்லை, மச்சான். ஒரு தகவலும் இல்லை.”

“அக்காவின்ர முழுப்பெயரையும் வயசையும் சொல்லு. என்ர தம்பி புத்தளத்திலதான் இருக்கிறான். அவங்கள் வவுனியா முகாமுகளுக்குச் சாப்பாடு கொண்டு போறவங்கள். தேடச் சொல்லுறன்.”

அப்பா சொன்னார். பெயர், வயது, கன்னத்தில் இருக்கிற மச்சம் எல்லாம் சொன்னார். “சரி, மச்சான்” என்று போனை வைத்தார். ஒன்பதாம் நாள் மாமியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கூடாரத்தில், காலில் காயத்தோடு, உயிரோடு. காதில் கிடந்த தோட்டையும் கழற்றி உம்மாவைத் துரத்திய ஊரின் ஒரு மனுசியை, அந்த உம்மாவின் மகன் முகாம் முகாமாய்ப் பெயர் கேட்டுத் தேடிக் கண்டுபிடித்தான்.

அடுத்த வெள்ளி அப்பா கோயிலில் அர்ச்சனை செய்து எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நானா மாமாவுக்கு ஒரு போன் எடுக்கவில்லை. மண்டபத்தில் செயலாளர் அங்கிள் வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். “கடவுள் காப்பாத்தினார். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“தெரிஞ்ச ஆக்கள் மூலமாய்” என்றார் அப்பா.

தெரிஞ்ச ஆக்கள். நான் பக்கத்தில் பொங்கல் கிண்ணத்தோடு நின்றேன். முப்பத்தொரு வயது. அந்த மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “நாங்கள் ரெண்டு மணித்தியாலத்தில துரத்தின குடும்பம்தான் மாமியைத் தேடிப் பிடிச்சது. அப்பா அவையளிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை, அங்கிள்.”

 ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அப்பா அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.